குற்றாலத்துக் குறத்தியும் தஞ்சாவூர்த் திருவிருந்தும்: வேதநாயகம் சாஸ்திரியாரை மீண்டும் வாசித்தல்

தென்காசி முதல் தஞ்சாவூர் வரை, தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகள் பலவற்றை இயற்றியவர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பிறந்து 1864இல் மறைந்த அவரைச் சுவிசேடக் கவிராயர் என்று திருச்சபை வரலாறு போற்றுகிறது. தமிழ் இசை மரபைத் தேவாலயத்துக்குள் அழைத்து வந்தவர் என்று இலக்கிய வரலாறு பாராட்டுகிறது. இவை இரண்டும் உண்மையே. மூன்றாவதாகவும் ஓர் உண்மை உண்டு. பறையர் கிறிஸ்தவரோடு வேறுபாடின்றி அமர்ந்து திருவிருந்தில் பங்கேற்க மறுத்த வெள்ளாளக் கிறிஸ்தவரின் பக்கம் நின்று, நூல் எழுதி வாதாடியவரும் அவரே. நினைவு விழாக்களில் இந்த மூன்றாவது உண்மைக்கு இடம் கிடைப்பதில்லை.

சாதியைக் காத்தவர் என்பதால் அவருடைய பாடல்களைத் தூக்கி எறிவது ஒரு வழி. பாடல்கள் இனியவை என்பதால் சாதியைப் பற்றிப் பேசாமல் விடுவது இன்னொரு வழி. இரண்டும் எளியவை, இரண்டையும் நாம் ஏற்கவில்லை. அவரது வாழ்வில் இசையும் சாதியும் எந்த இடத்தில், எவ்வாறு பிணைந்தன என்பதை அறிந்தால்தான், அந்த முடிச்சை இன்று எங்கே அவிழ்ப்பது என்பது விளங்கும். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறொருவர் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மலையிலிருந்து இறங்கிய வடிவம்

கதை தென்காசியில் தொடங்குகிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் உள்ளது மேலகரம். அவ்வூரைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றியது ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’. குற்றாலநாதர் உலா வருகிறார். அவரைக் கண்டு வசந்தவல்லி காதல் கொள்கிறாள். மலையிலிருந்து வரும் குறத்தி சிங்கி தன் மலையின் வளத்தைப் பாடி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். வயலில் கண்ணி வைத்துப் பறவை பிடிக்கும் சிங்கன், தன் துணைவன் நூவனை விட்டுச் சிங்கியைத் தேடி அலைந்து இறுதியில் அவளைக் காண்கிறான். அருவியும் குறும்பலாவும் சித்திரசபையும் மந்தியும் மலைத்தேனும் நிரம்பிய இந்நூல், குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வகையின் உச்சமாகக் கருதப்படுகிறது.

இந்த நாடகத்தின் அமைப்பில் நம் கவனத்துக்குரிய ஒன்று உண்டு. தலைவி உயர்குடிப் பெண். ஆனால் அவளுக்குத் தெரியாத உண்மையை அறிந்தவள், ஊருக்கு வெளியே வாழும் குறத்தி. அவள் வாய் திறந்தால்தான் கதை நகரும். சமூகத்தின் விளிம்பில் இருப்பவளை அறிவின் நடுவில் அமர்த்தும் வடிவம் இது. அந்த அமர்வு மேடையோடு முடிந்துவிட்டது என்பதும் உண்மை. கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலம் குறவஞ்சி மேடு என்று வழங்கப்படுகிறது. குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறவர்க்கு அந்த மேடையால் எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, குறவர் சமூகங்கள் அதன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன. கலையில் குறத்தியைக் கொண்டாடிய நாட்டில் காவல் நிலையப் பதிவேடு அவளைக் குற்றவாளி என்றது. இந்த இரட்டை நிலையை மனத்தில் இருத்திக்கொண்டு அடுத்த கட்டத்துக்குச் செல்வோம்.

திருநெல்வேலிச் சிறுவன், தஞ்சை மாணவன்

தென்காசியும் குற்றாலமும் அடங்கிய அன்றைய திருநெல்வேலிச் சீமையில்தான் வேதநாயகம் பிறந்தார். தந்தை தேவசகாயம், சைவ வெள்ளாளக் குடும்பத்திலிருந்து கத்தோலிக்கராகி, பின்னர் சீர்திருத்தச் சபைக்கு வந்தவர். 1785இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவுடன் அவனைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்றார். அங்கு சுவார்ட்ஸின் பராமரிப்பில் கற்ற இன்னொரு சிறுவன், பிற்காலத்தில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. இருவரின் நட்பும் பல பத்தாண்டுகள் நீடித்தது. வேதநாயகம் தரங்கம்பாடியில் இறையியலும் கணிதமும் வானியலும் கற்றார். 1794இல், இருபது வயதளவில், தஞ்சாவூர் மிஷன் கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியரானார்.

அவர் வந்து சேர்ந்த தஞ்சாவூர்ச் சபை யாருடைய உழைப்பில் எழுந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சுவார்ட்ஸுக்கு ஒரு தலைமுறை முன்பே அந்நாட்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைப் பரப்பியவர் இராஜநாயக்கன் என்னும் பறையர். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். 1720களின் இறுதியில் உபதேசியாராகி 1771இல் இறக்கும்வரை ஊர் ஊராகச் சென்று சபைகளை உருவாக்கியவர். அவரைக் குருவாக அபிஷேகம் செய்யும் பேச்சு எழுந்தபோது, ஒரு பறையர் கையால் வெள்ளாளர் திருவிருந்து பெறமாட்டார்கள் என்ற தயக்கம் குறுக்கே வந்தது. 1741இல் அப்பொறுப்பு வேறொருவருக்குச் சென்றது. நடவு நட்டவர் உபதேசியாராகவே வாழ்ந்து மறைந்தார்.

அக்காலத் தேவாலயங்களில் வெள்ளாளர் ஒருபுறமும் பறையர் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்திலும் வெள்ளாளர் முதலில், பறையர் பின்னர் என்ற வரிசை இருந்தது. சுவார்ட்ஸ் போன்ற பழைய மிஷனரிகள் இதைக் காலப்போக்கில் மறையக்கூடிய உலக வழக்கம் என்று கருதிப் பொறுத்துக்கொண்டனர். அந்தப் பொறுமையின் விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

பெத்லகேமுக்குப் போன சிங்கி

சுவார்ட்ஸ் 1798இல் இறந்தார். அடுத்த ஆண்டே தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. கோட்டையும் அரண்மனையும் மட்டுமே சரபோஜியிடம் எஞ்சின. அதிகாரம் இழந்த அந்த அரண்மனை, நூல்களையும் இசையையும் மருத்துவத்தையும் புதிய அறிவியலையும் சேர்க்கும் களமாக மாறியது. அத்தகைய சூழலில் 1800இல் வேதநாயகம் இயற்றியதே ‘பெத்லகேம் குறவஞ்சி’.

குற்றாலத்தின் சட்டகம் அப்படியே இருக்கிறது. உள்ளே குடியேறியவர்கள் வேறு. உலா வரும் தலைவர் பெத்லகேமின் கிறிஸ்து. காதல் கொள்ளும் தலைவி தேவமோகினி. அவள் திருச்சபையின் உருவகம். குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி. அவள் விசுவாசத்தின் உருவகம். திரிகூட மலைக்குப் பதிலாக அவள் சீனாய், சீயோன் முதலிய வேதாகம மலைகளின் வளத்தைப் பாடுகிறாள். ஞானச்சிங்கன் சுவிசேடம் அறிவிப்பவன். நூவன் அவனுக்குத் துணை செய்யும் உபதேசியார். அவர்கள் விரிக்கும் வலை நற்செய்தி. பிடிபடும் பறவைகள் மனித ஆன்மாக்கள். தரங்கம்பாடியில் கற்ற பூகோளமும், சூரியனைப் பூமி சுற்றுகிறது என்னும் வானியலும் இதே நூலில் இடம்பெறுகின்றன. குறத்தியின் வாயில் வேதாகமத்தையும், குறவஞ்சி நூலில் கோப்பர்னிக்கஸையும் சேர்த்த துணிச்சல் சாதாரணமானதன்று.

அக்காலச் சபைகளில் பெரும்பாலும் ஜெர்மன் மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளே ஒலித்தன. தமிழ்ச் சொற்கள் அன்னிய மெட்டில் முடங்கிக் கிடந்தன. வேதநாயகம் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பையும், சிந்து, கும்மி, நொண்டி நாடகம், தச்ச நாடகம் முதலிய வடிவங்களையும் எடுத்துக்கொண்டார். ‘ஞானத்தச்ச நாடகம்’, ‘ஞான நொண்டி நாடகம்’, ‘சாஸ்திரக் கும்மி’, ‘பேரின்பக் காதல்’, ‘ஜெபமாலை’ என நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் அவர் பெயரில் உள்ளன. பாடகர் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, பாடலும் உரையுமாக விடிய விடிய நிகழ்த்தினார். எழுத்தறியாத மக்களும் கேட்டு மனப்பாடம் செய்யக்கூடிய ஒரு திருச்சபை இசை அவ்வாறு உருவாயிற்று.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கும்மி உழைக்கும் பெண்களின் வடிவம். நொண்டிச் சிந்தும் குறவஞ்சியும் தெருவில் புழங்கிய வடிவங்கள். தச்ச நாடகம் கைவினைஞரின் பெயரைத் தாங்கியது. தேவாலயத்துக்குள் அவர் கொண்டுவந்த இசையின் பெரும்பகுதி அடித்தள மக்களிடமிருந்து புலவர் கைக்கு ஏறியது. புலவர் கையிலிருந்து ஆலயத்துக்குச் சென்றது. வடிவங்கள் தடையின்றி உள்ளே நுழைந்தன. அந்த வடிவங்களைப் பெற்றெடுத்த மக்களுக்கு மட்டும் தனிப் பாய் விரிக்கப்பட்டது.

1829: முடிச்சு இறுகிய ஆண்டு

1820களில் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தனர். சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று அவர்கள் கருதினர். எல்லோரும் கலந்து அமரவும், திருவிருந்தில் ஒரே வரிசையில் வரவும் வற்புறுத்தினர். அதே வேகத்தில், ஃபப்ரீஷியஸ் மொழிபெயர்த்த பழைய தமிழ் வேதாகமத்தை விலக்கிப் புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுவரவும், திருமணம் போன்ற நிகழ்வுகளில் மலர்களைத் தடுக்கவும், வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளை நீக்கவும் முற்பட்டனர்.

வேதநாயகம் இந்த நான்கையும் நான்கு கொடுமைகளாக ஒரே பட்டியலில் நிறுத்தினார். சாதியைத் திருத்த முனைவது பைத்தியம் என்று பொருள்படும் தலைப்பில் 1829இல் ஒரு நூலே எழுதினார். சாதி என்பது மதம் சார்ந்ததன்று, உலக ஒழுங்கு மட்டுமே என்பது வெள்ளாளர் தரப்பின் மைய வாதம். ஐரோப்பியருக்குள்ளும் பிரபுவுக்கும் பணியாளுக்கும் இடையே வேறுபாடு இல்லையா என்று அவர்கள் வினவினர். பறையரின் உணவும் சுத்தமும் குறித்த இழிமொழிகளும் அந்த வாதத்தோடு சேர்ந்தே வந்தன. மாட்டிறைச்சியைக் காரணம் காட்டி மனிதரை ஒதுக்கும் பேச்சு இன்றைய அரசியல் கண்டுபிடித்ததன்று. அது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிலுவையின் நிழலில் பேசப்பட்டது.

மோதல் முற்றியதில் வேதநாயகம் மிஷனின் ஆதரவை இழந்தார். பால்ய நண்பர் சரபோஜி அவரை அரண்மனைக் கவிஞராக ஆதரித்தார். 1832இல் மன்னர் இறந்தபின் அந்த ஆதரவும் நின்றது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் ஆலயத்தை விட்டு வெளியேறினர். 1840க்குப் பின் வந்த லைப்சிக் மிஷன் சாதி விஷயத்தில் மென்மையான போக்கைக் கடைப்பிடித்ததால், அவர்களில் பலர் அங்கே அடைக்கலம் தேடினர்.

புதிய மிஷனரிகளை நாம் புனிதர்களாக்கவில்லை. ஆணையால் மாற்றம் வரும் என்று அவர்கள் நம்பினர். கீர்த்தனையையும் மலரையும் சாதியோடு சேர்த்து ஒரே குப்பையாக எண்ணியது காலனிய ஆணவம். ஆனால் வேதநாயகமும் அதே பிழையை மறுமுனையிலிருந்து செய்தார். தமிழ் வேதாகமம், மலர், இசை, சாதி ஆகிய நான்கும் ஒரே பொட்டலம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அவர்கள் அதைத் தூக்கி எறிய விரும்பினர். இவர் முழுமையாகக் காக்க விரும்பினார். மலரும் பாடலும் எமக்கு வேண்டும், பாய் மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்கக்கூடிய மூன்றாம் தரப்பு அந்த ஆலயத்திலேயே அமர்ந்திருந்தது. அத்தரப்பின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

பிலடெல்பியாவில் நிகழ்ந்தது வேறு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலும் ஆலயத்தில் யார் எங்கே அமர்வது என்ற பூசல் எழுந்தது. செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை, அவர்களுக்கென ஒதுக்கிய இடத்துக்குப் போகுமாறு இழுத்து எழுப்பினர். அவர்கள் கூட்டமாக வெளியேறினர். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், அடிமையாகப் பிறந்து தன் விடுதலையைத் தானே விலைகொடுத்துப் பெற்றவர். 1794இல் பெத்தேல் என்னும் சொந்த ஆலயத்தை நிறுவினார். 1801இல், பெத்லகேம் குறவஞ்சிக்கு அடுத்த ஆண்டில், தம் மக்களுக்கான பாடல் தொகுப்பை வெளியிட்டார்.

அடிமைகளின் ஆன்மிகப் பாடல்களும் இத்தகைய சொந்த ஆலயங்களும் வளர்த்த மரபிலிருந்தே 20ஆம் நூற்றாண்டில் காஸ்பல் இசை எழுந்தது. புளூஸ் பியானோ வாசித்த தாமஸ் டார்சி தெருவின் தாளத்தை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அங்கிருந்து சோல் இசை பிறந்தது. போதகரின் மகளான அரீதா ஃபிராங்க்ளின், சோல் இசையின் அரசி என்று புகழ்பெற்ற பின்னர், 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆலயமொன்றில் சபையார் முன்னிலையில் தம் காஸ்பல் இசைத்தட்டைப் பதிவு செய்தார். ஒதுக்கப்பட்டவர்களின் குரல் உலகின் குரலாயிற்று.

இரு வரலாறுகளையும் அருகருகே வைத்தால் வேறுபாடு துலங்குகிறது. பிலடெல்பியாவில் அவமதிக்கப்பட்டவர்கள் வெளியேறித் தமக்கென இசையை உருவாக்கினர். தஞ்சாவூரில் சமமாக அமர மறுத்தவர்கள் வெளியேறினர். இசையும் அவர்கள் பெயரிலேயே நின்றது. கர்நாடக இசைச் சாயல் கொண்ட கீர்த்தனை கண்ணியமான வழிபாடு என்று நிலைபெற்றது. பறை சாவுக்குரியது, தீட்டுக்குரியது என்று நெடுங்காலம் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

ஒரே உலை

அந்த வாசலைத் திறந்தவர்களில் முதன்மையானவர், பறட்டை அண்ணன் என்று அறியப்பட்ட ஜே. தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தலித் இறையியலாளரும் இசைக்கலைஞருமான அவர், 2005இல் மறைந்தார். கிராமத்து மெட்டுகளாலும் பேச்சுத் தமிழாலும் பறையாலும் முழு வழிபாட்டு முறை ஒன்றையே அமைத்தார். எல்லோரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்று கற்பித்தார்.

இதன் வரலாற்றுப் பொருத்தத்தை நாம் வியக்கிறோம். 1829இல் வேதநாயகம் மறுத்தது ஒரே பந்தியை. அப்பாவு தம் இசையின் நடுவில் வைத்தது அதே பந்தியை. தமிழ் இசை வேண்டும் என்ற வேதநாயகத்தின் கோரிக்கையை அவர் ஏற்றுக்கொண்டு, அதிலிருந்து சாதியை உரித்தெடுத்தார். இசையையும் சாதியையும் பிரிக்க முடியும் என்பதை, அவ்விரண்டையும் பிணைத்துக் கட்டியதால் துன்புற்ற மக்களில் ஒருவரே மெய்ப்பித்தார்.

இன்றைய பந்தி

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் நம் காலத்திலும் நின்றது. மறுபுறம், 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியே நிற்கின்றனர். அவர்களுக்கும் அத்தகுதி வழங்குமாறு தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

சாதி மதத்தைச் சார்ந்ததன்று, ஆகவே கிறிஸ்தவத்துக்குள் அது இருக்கலாம் என்றனர் அன்றைய வெள்ளாளர். சாதி இந்து மதத்தைச் சார்ந்தது, ஆகவே கிறிஸ்தவத்துக்குள் அதன் பாதிப்பு இருக்க முடியாது என்ற கருத்தில் நிற்கிறது 1950 ஆணை. ஒன்றையொன்று மறுக்கும் இவ்விரு வாதங்களும் ஒரே மக்களின் உரிமையைத்தான் பறித்தன. 1829ஐ அறிந்த எவரும், கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்னும் வாதத்தை நேர்மையோடு முன்வைக்க முடியாது. வேதநாயகத்தின் அந்த நூலே அதற்கு எதிரான வலிமை மிக்க சாட்சியம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. இறையியல் கல்லூரிகளும் தமிழ்த் துறைகளும் 1800ஆம் ஆண்டின் வேதநாயகத்தை 1829ஆம் ஆண்டின் வேதநாயகத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். இராஜநாயக்கன் பெயர் தஞ்சாவூர்ச் சபை வரலாற்றின் முதல் பக்கத்துக்கு வர வேண்டும். திருச்சபைகள் கல்லறையிலும் தேர்பவனியிலும் நிர்வாகத்திலும் எஞ்சியுள்ள சாதித் தடுப்புகளை அகற்ற வேண்டும். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கப்பட வேண்டும்.

வேதநாயகத்தின் கீர்த்தனைகள் பாடப்படட்டும். அவற்றின் மெட்டுகளிலும் வடிவங்களிலும் நம் முன்னோரின் உழைப்பு கலந்திருக்கிறது. அவற்றை விட்டுக்கொடுக்க நமக்குக் காரணமில்லை. ஆனால் குற்றால மலையிலிருந்து இறங்கி வந்து உண்மை சொன்ன குறத்தியை ஆலயத்தின் நடுவில் நிறுத்திப் பாடும் எந்தச் சபையும், அவளுடைய மக்களைப் பந்தியின் கடைசியில் அமர்த்த உரிமையற்றது.